ஆடாத நண்பர்கள் நடுவே ஆட்டப் பித்து

கூடி ஆடும் நடனத்துக்குப் பார்வையாளர் வேண்டியதில்லை; கூட ஆட ஆள் வேண்டும். பரதம் பயில்பவர் தனி அறையில் மணிக்கணக்காக அடவு போட்டுப் பழகலாம். சினிமாப் பாட்டுக்கு ஆட ஆசைப்படுபவருக்கு ஒரு நிலைக்கண்ணாடியும் கைப்பேசியும் போதும். கும்மி, கோலாட்டம், கர்பா, பைலா, சால்சா ஆகியவற்றின் இயல்பு வேறு. எதிராளியின் கோல் வந்து தட்டாமல் கோலாட்டத்தில் ஓசை எழாது. எதிரில் நிற்பவரின் கை இல்லாமல் சால்சாவில் சுழல முடியாது. இப்படிப்பட்ட நடனத்தின் மேல் பித்துக்கொண்ட ஒருவருக்கு வாய்த்த நண்பர்கள் யாருமே ஆடாதவர்கள் என்றால், அவரிடம் ஆசை இருக்கும், பயிற்சியும் இருக்கும், ஆட்டம் மட்டும் இருக்காது.

சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட் வளாகங்களிலும், மேற்கே திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நிலை எளிதில் நேர்கிறது. வெளியூரிலிருந்து வந்து நான்கைந்து பேராக அறை எடுத்துத் தங்குகிறார்கள். யார் யாரோடு பழகுவது என்பதை ஷிப்டும் கம்பெனிப் பேருந்தும் முடிவு செய்கின்றன. நட்பு அறையில் பிறக்கிறது, ரசனையைப் பார்த்துப் பிறப்பதில்லை. அந்த நட்பில் கிரிக்கெட்டுக்கு ஆள் கிடைக்கும், முதல் நாள் சினிமாவுக்கு ஆள் கிடைக்கும். சால்சாவுக்குக் கிடைப்பது அரிது.

இணையாக ஆடும் நடனங்களில் இந்திய நகரங்களில் அதிகம் பரவியது சால்சா. கியூபாவின் சோன் இசையை வேராகக் கொண்டு, 1960களிலும் 70களிலும் நியூயார்க் நகரின் புவர்ட்டோ ரிக்கோ, கியூபா இசைக்கலைஞர்களால் உருப்பெற்றது அது. எட்டு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் ஒன்று, இரண்டு, மூன்றுக்குக் கால் நகரும்; நான்கில் நிற்கும். ஐந்து, ஆறு, ஏழுக்கு மறுபடி நகரும், எட்டில் நிற்கும். அடிப்படைக் காலடி இவ்வளவுதான். ஒரு மாலையில் கற்றுக்கொண்டுவிடலாம். கடினமானது அடுத்த கட்டம். ஒருவர் முன்னடத்த மற்றவர் அதைப் படித்துத் தொடர வேண்டும். வகுப்புகளில் இதை லீட், ஃபாலோ என்றே சொல்கிறார்கள். முன்கூட்டி எதுவும் பேசி வைத்துக்கொள்வதில்லை. கனமான மேசை ஒன்றை இரண்டு பேர் தூக்கிப் போகும்போது ஒருவர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்பது மேசையின் வழியாகவே மற்றவருக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா, அதுபோல விரல் நுனியிலும் முன்கையிலும் உள்ள லேசான இறுக்கத்தின் வழியாகச் செய்தி போய்ச் சேர்கிறது. இறுக்கிப் பிடித்தாலும் கெடும், தளர விட்டாலும் கெடும்.

ஆடுபவர்கள் 'சோஷியல்' என்று சொல்லும் ஆட்ட மாலைக்குச் சில முறைகள் உண்டு. யாரும் யாரையும் ஆட அழைக்கலாம். அழைக்கப்பட்டவர் மறுக்கலாம், மறுப்புக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. நான்கைந்து நிமிடத்தில் பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லி விலகி, அடுத்த பாட்டுக்கு வேறு இணையோடு ஆடுவது வழக்கம். ஒரே மாலையில் பத்துப் பதினைந்து பேரோடு ஆடி, அவர்களில் பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாமல் வீடு திரும்புவது சாதாரணம். இணை மாறும்போதெல்லாம் அதே காலடி வேறொன்றாகிவிடுகிறது. ஒருவர் நிதானமானவர், இன்னொருவர் விளையாட்டுக்காரர், மூன்றாமவர் தாளத்தின் இடைவெளிகளைக் கேட்டு ஆடுபவர். பித்து பிடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்தப் பித்தை ஆராய்ந்தவர்கள் உண்டு. ஹங்கேரியில் சால்சாவும் பால்ரூம் நடனமும் ஆடும் 447 பேரிடம் அனிகோ மராஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. ஏன் ஆடுகிறார்கள் என்பதற்கு எட்டுக் காரணங்களை அது வகைப்படுத்தியது: உடல்நலம், மன உற்சாகம், நெருக்கம், பிறரோடு பழகுதல், தன்னை மறத்தல், தேர்ச்சி பெறும் ஆசை, தன்னம்பிக்கை, கவலைகளிலிருந்து தப்பித்தல். அதே 447 பேரில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் நடனம் அடிமைப்பழக்கத்துக்கு நெருங்கிய நிலையை எட்டியிருந்தது என்று அவர்களின் இன்னோர் ஆய்வுக் கட்டுரை சொன்னது. எட்டுக் காரணங்களுள் அந்த நிலையோடு தொடர்புடையதாகத் தெரிந்தது கடைசியாகச் சொன்னது, அதாவது தப்பித்தல். நடனத்தை நோக்கிப் போகிறவருக்கு ஆபத்து குறைவு. வேறெதையோ விட்டு ஓடி நடனத்துக்குள் ஒளிந்துகொள்கிறவருக்கு ஆபத்து கூடுதல் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

சேர்ந்து ஆடுவதன் இன்பத்துக்கு உடலியல் அடிப்படையும் இருக்கிறது. பிரேசிலின் மராஜோ தீவில் பள்ளி மாணவர்கள் 264 பேரை வைத்து ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் நடத்திய சோதனை அதே 2015இல் வெளிவந்தது. மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, சில குழுக்களை ஒரே அசைவுகளைச் சேர்ந்தாற்போல் ஆட வைத்தார்கள். மற்றவற்றில் ஆளுக்கொரு விதமாக ஆடினார்கள். சில குழுக்கள் உடம்பை வருத்தி ஆடின. சில உட்கார்ந்தபடி கையை மட்டும் அசைத்தன. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். சேர்ந்து ஆடியவர்களுக்கு வலி தாங்கும் ஆற்றல் கூடியது, சக ஆட்டக்காரர்கள்மேல் நெருக்கமும் கூடியது. உடல் உழைப்புக்கும் தனியாக அதே விளைவு இருந்தது. உடம்பு தானே சுரக்கும் எண்டார்பின் இதற்குக் காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்ற கால்களுடன் ஒருவர் ரயிலேறிப் போய் இன்னும் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு வருவது வெளியில் இருப்பவருக்கு விளங்காத புதிர். ஆடுபவருக்கு அந்த இரண்டு மணி நேரமே ஓய்வு.

விளங்காத நண்பர்கள் கேட்பதும் நியாயமாகவே இருக்கிறது. "வாரம் பூரா நின்னே வேலை பார்த்துட்டு ஞாயித்துக்கிழமையும் நிக்கணுமாடா?" என்பது அன்பில் பிறந்த கேள்வி. "பொண்ணுங்க கையப் பிடிக்கத்தானே போற?" என்பது கேலி. ஆடப் போகிறவள் பெண்ணாக இருந்தால் கேலி வேகமாக வதந்தியாகிவிடுகிறது. விடுதிக் காப்பாளர் வரைக்கும், ஊரில் இருக்கும் அண்ணன் வரைக்கும் போகிறது. ஆட்டத்தில் கை தொடுவது உண்மை. அந்தத் தொடுகை எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதற்குத் திட்டமான வரம்பு உண்டு என்பதும் உண்மை. வரம்பு மீறுபவரை வெளியேற்றும் துணிவு அமைப்பாளருக்கு இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒரு குழுவில் சேர வேண்டும், முக்கியமாகப் பெண்கள்.

நண்பர்கள் ஏன் ஆடுவதில்லை என்பதற்கு அவர்களுடைய கூச்சத்தை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. அந்தக் கூச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1930களில் சதிர் என்ற பழைய ஆட்டம் பரதநாட்டியமாக மறுபிறவி எடுத்து சபா மேடைக்கு வந்தது. 1936இல் கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளி தொடங்கியது. அதன் பிறகு நடுத்தர வர்க்கத் தமிழர் மனதில் நடனம் என்பது ஆண்டுக்கணக்கில் பயின்ற ஒருவர் ஆட, மற்றவர் உட்கார்ந்து பார்ப்பது என்று பதிந்தது. சினிமா அதை இன்னும் உறுதியாக்கியது. கதாநாயகன் ஆடுவான், பின்னால் குழு ஆடும், மக்கள் விசிலடிப்பார்கள். நன்றாக ஆடத் தெரியாதவரும் ஆடலாம் என்ற எண்ணத்துக்கு இரண்டிலுமே இடமில்லாமல் போயிற்று.

அதே மக்கள் வேறு தருணங்களில் ஆடுகிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போனால் தெரியும். காவடி தோளேறி, பம்பை ஒலித்துவிட்டால், ஆண்டு முழுக்கக் கைகட்டி நிற்கும் மனிதரின் கால்கள் தாமாகவே தாளத்தில் விழுகின்றன. வேண்டுதல் கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிடுகிறது. மாப்பிள்ளை ஊர்வலத்திலும் சாவு ஊர்வலத்திலும் பறை முழங்கும்போது குத்தாட்டம் போடாத இளைஞர்கள் குறைவு. ஆகவே 'எனக்கு ஆட வராது' என்று சொல்லும் நண்பரைப் பெரும்பாலும் நம்ப வேண்டியதில்லை. காரணமில்லாமல், சாமியும் சடங்கும் போதையும் இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில், தெளிந்த மனதோடு ஆடுவதுதான் அவருக்கு வராதது. கூடி ஆடும் நடனம் அவரிடம் கேட்பதோ சரியாக அதைத்தான்.

சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள இந்தப் பகுதிக்குக் கூடி ஆடுவது புதிதுமல்ல. பொங்கல் நாட்களில் பெண்கள் வட்டமாக நின்று கைதட்டி ஆடும் கும்மி தமிழ்க் கிராமங்களில் ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரத்தில் சங்கராந்திக்குக் கொப்பிப் பாட்டுப் பாடி வட்டமிடுகிறார்கள். திருத்தணி 1960 வரை ஆந்திரத்தோடு இருந்த ஊர், பேச்சிலும் பழக்கத்திலும் இரு மொழிகளும் கலந்த வட்டாரம் இது. திருவள்ளூர் மாவட்டத்தில் கணிசமாக வாழும் இருளர்கள் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வணங்கும்போது பாட்டும் ஆட்டமும் அந்த இரவின் பகுதி.

ரயில் இன்னொரு ஆட்டத்தைக் கொண்டுவந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856இல் ராயபுரத்திலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதையை ஒட்டிப் பெரம்பூரிலும் அரக்கோணத்திலும் ஆங்கிலோ இந்திய ரயில்வே குடும்பங்கள் குடியேறின. ரயில்வே இன்ஸ்டிட்யூட் என்ற பொழுதுபோக்குக் கூடம் அவர்களுடைய வாழ்வின் நடுவே இருந்தது. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை வால்ட்ஸும் ஃபாக்ஸ்ட்ராட்டும், பிறகு ஜைவும் அங்கே ஆடப்பட்டன. எஞ்சின் டிரைவரும் ஃபயர்மேனும் ஷிப்டு முடித்து வந்து ஆடினார்கள் என்பதை இன்றைய தொழிற்பேட்டைக்காரர் கவனிக்க வேண்டும். ஷிப்டு வேலையும் ஆட்டமும் ஒத்துப்போகாது என்பது உண்மையல்ல. அவர்களுக்குக் குடியிருப்பின் நடுவிலேயே கூடம் இருந்தது, அவ்வளவுதான். 1947க்குப் பிறகு பல குடும்பங்கள் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட, ஆட்டக்கூடங்களும் ஓய்ந்தன.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் இருக்கிறது. இலங்கைக்காரர்களிடம் பைலா உண்டு. போர்த்துகீசியர் காலத்தில் அந்தத் தீவின் கரையோரம் வேர்விட்ட துள்ளல் இசை அது. கல்யாண வீட்டிலும் சுற்றுலாப் பேருந்திலும் யார் வேண்டுமானாலும் எழுந்து ஆடுவார்கள். 'சுராங்கனி' பாட்டின் மூலம் சிலோன் மனோகர் 1970களில் தமிழ்நாட்டுக்கு அந்தத் துள்ளலைக் கொண்டுவந்தார். நாம் பாட்டை வாங்கிக்கொண்டோம், ஆட்டத்தை விட்டுவிட்டோம். ஜார்க்கண்ட், ஒடிசா, பிகார், அசாம் மாநிலங்களிலிருந்து சிப்காட்டுக்கு வந்திருக்கும் தொழிலாளர்களிலும் ஆடி வளர்ந்தவர்கள் ஏராளம். கரம் பண்டிகை இரவில் மரக்கிளையை நட்டு, ஆணும் பெண்ணும் கைகோத்து விடிய விடிய ஆடும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். பக்கத்து இயந்திரத்தில் நிற்பவர் அப்படி ஒருவராக இருக்கக்கூடும். ஆட ஆளில்லை என்று ஏங்கும் தமிழ் இளைஞர் அவரிடம் ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஊரில் ஆட ஆள் கிடைக்காதவர்கள் சென்னைக்குப் போகிறார்கள். கும்மிடிப்பூண்டி சென்ட்ரலிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர், திருவள்ளூர் 40க்குச் சற்று மேல். புறநகர் ரயிலில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. சால்சா வகுப்புகளும், அதைப் போன்ற இன்னோர் இணை நடனமான பச்சாட்டா வகுப்புகளும் பெரும்பாலும் நகரின் தென்பகுதியில் இருப்பதால் அதற்கு மேலும் பயணம். சோஷியல் சூடுபிடிப்பது இரவு ஒன்பதுக்கு மேல். கடைசி ரயிலை நினைத்து அப்போதே கிளம்ப வேண்டியிருக்கும். நவராத்திரியின் ஒன்பது இரவுகள் மட்டும் விதிவிலக்கு. சௌகார்பேட்டை, வேப்பேரி, கீழ்ப்பாக்கம் பக்கம் குஜராத்தி, ராஜஸ்தானி குடும்பங்கள் கர்பாவும் தாண்டியாவும் ஆடுகின்றன, சென்ட்ரலிலிருந்து எட்டும் தூரத்தில். 2023 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த நடனம் கர்பா. நுழைவுச்சீட்டு வாங்கி யாரும் ஆடக்கூடிய நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. வட்டத்தில் நுழைந்துவிட்டால் முன்னால் போகிறவரைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

பித்து ஏற ஏற நட்பில் விரிசல் காண்பது உண்டு. டீக்கடைப் பேச்சு நடுவே மேசையில் விரல் தாளம் போடுகிறது. கம்பெனிப் பேருந்தில் ஓடும் எந்தப் பாட்டும் ஆடத் தகுமா தகாதா என்ற கணக்கிலேயே காதில் விழுகிறது. நண்பர்களின் பிறந்தநாள் சோஷியல் நடக்கும் சனிக்கிழமையில் வந்து தொலைக்கிறது. இந்த நேரத்தில் ஆர்வமுள்ளவர்கள் வழக்கமாகச் செய்வது நண்பர்களையும் ஆட வைக்க முயல்வது, அதுவும் கல்யாண வரவேற்பில் எல்லோர் முன்னாலும் கையைப் பிடித்து இழுத்து. பலன் எப்போதும் எதிர்மறைதான். புதியவருக்கு உகந்த இடம் எல்லோரும் ஒன்றுபோலத் தப்பு செய்யும் தொடக்க வகுப்பு. தெரிந்தவர்கள் வட்டமாக நின்று பார்க்கும் இடமல்ல. வரமாட்டேன் என்பவரை விட்டுவிடுவதே மரியாதை. ஹங்கேரி ஆய்வை நினைத்தால், ஆடாத நண்பர்கள் இருப்பதே ஆட்டக்காரருக்கு ஒரு காப்பு என்றும் தோன்றுகிறது. 'நாலு வாரமா ஆளையே காணோம், வீட்ல ஏதாவது பிரச்சினையா?' என்று கேட்பவர் பெரும்பாலும் ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் நண்பர்தான். ஆட்டத் தோழர்களுக்கு அந்த நான்கு வாரமும் அவர் கண்ணெதிரே மகிழ்ச்சியாகத்தானே இருந்தார்.

வட்டத்தைப் புதிதாக உண்டாக்க முடியுமா என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அண்மைச் சான்று இருக்கிறது. முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி, கொங்கு நாட்டில் மங்கிக் கிடந்து, இந்த நூற்றாண்டில் பெரும் வேகத்தோடு மீண்டது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியைச் சேர்ந்த ஆசிரியர் எம். பத்ரப்பன் அதில் முக்கியமானவர். ஆண்கள் மட்டும் ஆடிவந்த வட்டத்துக்குள் பெண்களையும் பயிற்றுவித்துக் கொண்டுவந்தார். 2024இல், 87 வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வள்ளி கும்மி பழகும் ஊர்களில் மாலை வேளையில் திடலில் ஓர் ஆசிரியர் பாடிக்கொண்டே அடி சொல்லித் தருகிறார். சில வாரம் பழகிய பின் ஊர் கூடி அரங்கேற்றம். பள்ளிப் பிள்ளையும் பாட்டியும் வேலைக்குப் போகிறவர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இணை தேட வேண்டியதில்லை, அழகாக ஆட வேண்டிய கட்டாயமுமில்லை, நூறு பேர் நடுவே ஒருவரின் தப்பு தெரிவதுமில்லை. சில இடங்களில் இந்த வட்டம் சாதி அமைப்புகளின் பிடிக்குள் போய்விட்டது வருத்தத்துக்குரியது; சேர்ந்து ஆடுவதால் பிறக்கும் நெருக்கத்தை, சேராதவரை விலக்கி வைக்கவும் பயன்படுத்த முடிகிறது. பல ஊர், பல மொழி, பல சாதிக்காரர்கள் ஒரே கேன்டீனில் சாப்பிடும் தொழிற்பேட்டைக்கு அந்த நோய் இல்லாத வட்டத்தை அமைக்கும் வாய்ப்பு இருக்கிறது. வள்ளியோடு முருகன் அமர்ந்த தலமென்று பக்தர்கள் போற்றும் திருத்தணியும் இந்தத் தொழிற்பேட்டைகள் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

அப்படி ஒரு வட்டத்தை அமைக்கத் தேவைப்படுவன சில. தரை முதலாவது. மொட்டை மாடியின் சொரசொரப்பான சிமென்ட்டில் ஷூவின் ரப்பர் அடிப்பாகம் பிடித்துக்கொள்ளும். உடம்பு சுழலும்போது பாதம் சுழலாமல் முட்டி முறுக்கிக்கொள்ளும். பளபளக்கும் டைல்ஸ் தரை வழுக்கும். கும்மிக்கு மண் தரையே நல்லது; சுழன்று ஆடும் நடனங்களுக்கு மெருகேறிய பழைய மொசைக் தரை, மெல்லிய தோல் அடிப்பாகம் கொண்ட செருப்பு. பெண்களும் சேர வேண்டுமானால் பல விடுதிகளின் கதவு மூடும் நேரத்துக்கு முன்பே ஆட்டம் முடிய வேண்டும்; ஆகவே மாலை ஆறிலிருந்து ஏழரை. காலை ஷிப்டு இரண்டு மணிக்கு முடிகிறது, இரவு ஷிப்டு பத்துக்குத் தொடங்குகிறது, இந்த இரண்டு ஷிப்டுக்காரர்களுமே அந்த நேரத்துக்கு வர முடியும். பிற்பகல் இரண்டிலிருந்து பத்து வரை வேலையில் இருப்பவரால் முடியாது. வாரம் மாறி வாரம் ஷிப்டு சுழல்வதால் மூன்றில் ஒரு பங்கு ஆள் எப்போதும் குறையும். எட்டுப் பேர் ஆட வேண்டுமானால் பட்டியலில் பன்னிரண்டு பேர் வேண்டும். இணை நடனமென்றால் வருகிறவர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிடும் நாட்களுக்காக லீட், ஃபாலோ இரண்டையுமே எல்லோரும் பழகி வைத்துக்கொள்ள வேண்டும். கும்மிக்கு அந்தக் கணக்கும் வேண்டாம். ஐந்து பேர் வந்தாலும் வட்டம், ஐம்பது பேர் வந்தாலும் வட்டம்.